மூச்சு விடுகிற வேலை

சுவர் முழுக்க ரோஸ் நிறமானது. ஓர் இடம் மட்டும் ஆகவில்லை.

இன்ஜினியர் மேடம் கையிலிருந்த பீய்ச்சுக் குப்பியை ஆட்டிப் பார்த்தாள். மருந்து இருந்தது. அதே இடத்தில் மறுபடியும் அடித்தாள். மருந்து தண்ணீராகவே வழிந்து, அந்த வட்டத்தைத் தாண்டிய பிறகுதான் ரோஸ் ஆனது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். கொத்தனாரின் இடுப்பு உயரத்தில்.

"பரவால்லையே கொத்தனாரே, இந்த எடம் மட்டும் நல்லா இறுகிடுச்சு."

கொத்தனார் அந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். அந்த மருந்தின் கணக்கு அவருக்குத் தெரியும். பச்சைச் சுண்ணாம்பில் பட்டால் ரோஸ். இறுகிக் கல்லான சுண்ணாம்பில் பட்டால் நிறம் மாறாது. சிமெண்ட் தண்ணீரைக் குடித்து இறுகும். ஒரே நாளில் முரடாகிவிடும். சுண்ணாம்பு அப்படியில்லை. அது காற்றைக் குடித்து இறுகுவது. காற்றிலும், மனுஷன் வேண்டாமென்று வெளியே விடுகிறானே, அந்த மூச்சைத்தான் அது கேட்கும். மேல்தோலில் தொடங்கி மாதக்கணக்கில் மெல்ல உள்ளே போகும். பூசிச் சில வாரமே ஆன சுவரில் தட்டளவு இடம் மட்டும் கல்லாக வழியே கிடையாது.

"கலவை எங்கயாச்சும் மாறியிருக்கும் மேடம்," என்றார்.

கலவையைக் குழைத்தவர் அவர். மாறவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அது நூறு வருஷம் தாண்டிய கல் கட்டடம். எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இனிமேல் நூலகமாகப் போகிறது. முன்கூடம், மாடி, தூண்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. முரண்டு பிடித்தது பின்னறை மட்டும். எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் அதன் உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசி வைத்திருந்தான். கல் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது தூங்குகிறவன் வாயைப் பொத்துவது மாதிரி. சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது பின்னாலிருந்த கல் ஊறிப்போய், நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. முதல் துண்டு பெயர்ந்து விழுந்த நேரம், அறையில் மிதந்த தூசியெல்லாம் கதவுப் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்துப் போனது.

"மாமா, செவுரு எப்படி இழுக்குது பாருங்க," என்றான் ரேடியோ. கொத்தனாரின் மச்சினன்; சாரத்து வேலை செய்கிறவன். வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். "இத்தன வருசம் மூச்சப் புடிச்சு வெச்சிருந்திருக்கு."

உதிர்ந்த கல்லை மாற்றி, பழைய முறைப்படி சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் சேர்த்துப் பூசினார்கள். வெயிலும் காற்றும் நேரே அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதால் ஈரச் சாக்குகளைத் திரை மாதிரித் தொங்கவிட்டார்கள். அறைக்குள் பகலிலும் பழுப்பு வெளிச்சம். சாக்கிலிருந்து சொட்டும் தண்ணீர். பச்சைச் சுண்ணாம்பின் நாற்றம், மூக்கில் ஏறி நாக்கின் அடியில் உட்கார்ந்துகொள்ளும் நாற்றம். அந்த அறைக்கு இருந்தது ஒரே ஒரு சின்ன ஜன்னல். காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை. அதனால் உள்ளே வருவதும் இல்லை. சுவர் இறுகவில்லை. மேடம் கரி அடுப்பு வைக்கலாமா என்று கேட்டாள். புகை படியும், ஆளும் மயங்கி விழும் என்று கொத்தனார் மறுத்துவிட்டார்.

"ஆளுங்க உள்ள உக்காந்து பேசினாலே போதும் மேடம். மூச்சுக்காத்து பட்டா இறுகும்."

பேச ரேடியோ தயாராக இருந்தான். ஆனால் அங்கே உட்கார்ந்தால் தனக்கே பேச்சு வரவில்லை என்று அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டான். அப்போதுதான் கொத்தனார் அந்தத் தப்பைச் செய்தார். அந்த வேலையை மனைவிக்குக் கொடுத்தார்.

அவர் நினைத்தது நல்லதைத்தான்.

அவர்களுக்கு ஒரே பெண். பிறந்ததிலிருந்தே நுரையீரல் சரியில்லை. எட்டு வயதில் போய்விட்டாள். எட்டு வருஷமும் அவர் மனைவி தூங்கினாள் என்று சொல்ல முடியாது. படுத்துக்கொண்டு மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குட்டியாக இரண்டு, கூடவே இழுத்து நீளமாக ஒன்று. மூச்சின் தாளம் மாறினால் எழுந்துவிடுவாள். பாப்பா போன பிறகும் அப்படியே படுத்திருந்தாள். கேட்கத்தான் எதுவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். குளிக்கச் சொன்னால் குளித்தாள். காது மட்டும் எங்கேயோ திரும்பியிருந்தது. வீட்டில் விட்டுவைக்கப் பயந்து வேலையிடத்துக்குக் கூட்டிவந்தார்.

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"சாக்கு காயாம நனைக்கணும். மிச்ச நேரம் உக்காந்து மூச்சு விட்டா போதும்."

"மூச்சு விடுறதுக்கா கூலி?"

"ஆபீஸ்ல பாதிப் பேரு அதுக்குத்தான்க்கா சம்பளம் வாங்குறான்," என்றான் ரேடியோ. "நீ மட்டும் என்ன கொறஞ்சவளா?"

அவள் சிரித்தாள். பாப்பா போன பிறகு முதல் சிரிப்பு. கொத்தனாருக்குக் கண் கலங்கியது. சுண்ணாம்பு தெறித்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

சில நாளிலேயே அவள் தேறினாள். கேட்காமலே சாப்பிட்டாள். காலையில் அவருக்கு முன்னால் கிளம்பி நின்றாள். "அங்க உக்காந்தா காதுக்கு நிம்மதியா இருக்குங்க," என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தேறுகிறவளிடம் காரணம் கேட்பார்களா.

வட்டத்தைப் பார்த்த அன்று சாயந்தரம் சத்தமில்லாமல் பின்னறைக்குப் போனார். சாக்கை விலக்கினார். அவள் முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் நெற்றி முட்டும்படி குனிந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சுவர்மேல் மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள், சூடான கஞ்சியை ஆற்றுகிற மாதிரி.

கொத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதான் விஷயம். பகலெல்லாம் ஒரே இடத்தில் ஊதினால் இறுகாமல் என்ன செய்யும்.

"நீதானா அது. நான் என்னென்னமோ நெனச்சு பயந்துட்டேன். அந்த வட்டத்த மேடம் கண்டுபிடிச்சுட்டாங்க."

அவள் திரும்பினாள். "எந்த வட்டம்?"

அவர் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள்.

"அது என்னோடது இல்லங்க. என்னோடது இது."

அவள் ஊதிக்கொண்டிருந்த இடம் அந்த வட்டத்துக்கு ஒரு கை தள்ளி, இன்னும் உயரத்தில் இருந்தது. மேடம் விட்டுப்போன குப்பியை எடுத்து அடித்தார். மருந்து நிறம் மாறாமல் வழிந்தது. இரண்டாவது வட்டம். இடுப்பு உயரத்தில் இருந்ததற்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே. தாய் உட்கார்ந்து, பிள்ளை பக்கத்தில் நின்றால் எப்படியோ அப்படி.

"அது யாரோட எடம்?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். அவள் என்ன நினைக்கிறாள் என்பது புரிந்தது. சுவருக்குள்ளே பாப்பா இருக்கிறாள், உள்ளேயிருந்து மூச்சு விடுகிறாள் என்று நினைக்கிறாள். பைத்தியக்காரத்தனம். ஆனால் அவருடைய பயம் அதனால் இல்லை. அவருக்குச் சுண்ணாம்பைத் தெரியும். சுண்ணாம்பு வாங்கும், விடாது. அது மேல்தோலில்தான் முதலில் இறுகும், மூச்சு படுகிற பக்கத்தில். சுவருக்குள் எதுவும் இல்லை. இருந்தால் இந்தப் பக்கம்தான். அறைக்குள். அவளுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அவர் போய் நின்றபோதும் நின்றிருக்கும்.

அதற்கப்புறம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு காலத்தில் சாரத்தில் சட்டிச் சட்டியாகச் சாந்து தூக்கியவள், வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். ரேடியோகூடக் கவனித்துவிட்டான்.

"அக்காவப் பாத்தா பாப்பா ஞாபகம் வருது மாமா," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் வேறு பக்கம் பார்த்தான்.

அவள் இனி வரக் கூடாது என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை. சாக்கு நனைக்க அவரே உள்ளே போனார். வேகமாக நனைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தார். உள்ளே இருக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் போனது. மருந்தடித்துப் பார்த்தார்.

சின்ன வட்டம் அப்படியே இருந்தது. பெரியது வளர்ந்திருந்தது. அவள் வீட்டில் இருக்கிறாள். அறை பூட்டியிருக்கிறது. ஆனால் அவளுடைய வட்டம் முறம் அளவு விரிந்து, தேய்த்துவிட்ட மாதிரி வழவழவென்று மினுங்கியது. புறங்கையை வைத்துப் பார்த்தார். சுற்றிலும் ஈரச் சுவர் சில்லென்றிருக்க, அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. மனுஷச் சூடு.

சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஓடினார்.

மதிய நேரம். அவள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது. குட்டியாக இரண்டு, இழுத்து நீளமாக ஒன்று. அவர் மண்டியிட்டு உள்ளங்கையை அவள் மூக்கருகே வைத்தார். நெஞ்சு ஏறியது. கையை உரசிக்கொண்டு காற்று அவளுக்குள் போவது தெரிந்தது. நெஞ்சு இறங்கியது.

கையில் ஒன்றும் படவில்லை.

இன்னும் கிட்டே வைத்தார். நெஞ்சு இறங்கியது. ஒன்றும் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து உதட்டருகே பிடித்தார். கண்ணாடி துடைத்து வைத்த மாதிரியே இருந்தது. அவள் வாங்கிய மூச்சு இங்கே வெளியே வரவில்லை. வேறெங்கேயோ போய் வந்துகொண்டிருந்தது.

கண்ணாடியில் அவள் கண் திறந்தது.

"ஒடச்சிடாதீங்க," என்றாள்.

"எத?"

"நீங்க என்ன யோசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா?" ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "அவளுக்குப் பத்தலங்க. நான் கொஞ்சம் குடுக்குறேன். அவ்வளவுதானே. எட்டு வருசம் அவ மூச்சுக்குத் தவிச்சா. நான் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். என்னோடத எடுத்துக் குடுக்க முடியல. இப்ப முடியுது."

"அது பாப்பா இல்லம்மா."

"பாப்பா இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குத் தெரியாது. அதுதான் நிஜம். மகளைப் புதைத்துவிட்டு வந்த மனுஷன். இருக்கிற இவளையும் கொடுத்துவிட்டு வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாள் விடுமுறை. ரேடியோவை அக்காவுக்குத் துணையாக வைத்துவிட்டுக் கிளம்பினார். மழை பெய்துகொண்டிருந்தது. கட்டடத்தில் ஆளில்லை. முன்கூடத்தில் அவர் காலடிச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்தது. பின்னறைப் பூட்டைத் திறந்தார். சாக்குகளை எல்லாம் இழுத்துக் கீழே போட்டார். பழுப்பு வெளிச்சம் போய்ச் சாம்பல் வெளிச்சம் வந்தது. அதுவும் அந்த அறைக்குப் பத்தவில்லை.

பெரிய வட்டத்தின் நடுவில் உளியை வைத்தார். நாற்பது வருஷம் உளி பிடித்த கை. ஒரு தட்டு தட்டினார்.

சுவர் மணி மாதிரி ஒலித்தது. சுண்ணாம்பு இப்படி ஒலிக்காது. பீங்கான் ஒலிக்கும்.

இரண்டாவது தட்டு. ஒரு விரிசல். மூன்றாவது தட்டில் உளி உள்ளே போனது. வாயளவு ஓட்டை விழுந்தது.

மூச்சு வந்தது.

நீளமாக, சூடாக, நிற்காமல் அவர் முகத்தின்மேல் வந்தது. அதில் சுண்ணாம்பு வாடை இல்லை. அவளுடைய வாடை. விடிகாலையில் பக்கத்தில் படுத்திருக்கும்போது கழுத்தில் படுமே, அந்தத் தூக்க வாடை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் வெளியே வரட்டும். அவளுடையது எல்லாம் அவளிடம் போகட்டும். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு முனகலோடு நின்றது. அறை அமைதியானது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

போன் அடித்தது.

எடுத்தார். ரேடியோதான். ஆனால் பேச்சில்லை. வாயை மூடத் தெரியாதவன் பேசாமல் இருந்தான். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடா?"

"மாமா. அக்கா மூச்சு விடல மாமா."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய மூச்சு முழுக்க இந்தச் சுவரில்தான் இருந்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டார். அது அவளிடம் போகவில்லை. சும்மா காற்றோடு போய்விட்டது.

கொத்தனார் கை கொத்தனார் கைதான். ஓட்டையைப் பார்த்தால் அடைக்கத்தான் தோன்றும். போனைத் தரையில் போட்டுவிட்டுத் தொட்டியிலிருந்து பச்சைச் சுண்ணாம்பை முழங்கை வரை அள்ளி அப்பினார். நிற்கவில்லை. உள்ளேயிருந்து இழுத்தது. அப்பிய சாந்து அப்படியே உள்ளே போனது. மறுபடி அப்பினார். மறுபடி இழுத்தது. அதற்குச் சாந்து வேண்டாம். அதற்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஓட்டையில் வாயை வைத்தார். ஊதினார். நெஞ்சில் இருந்ததையெல்லாம் ஊதினார்.

"வந்துருச்சு மாமா." தரையிலிருந்து ரேடியோவின் குரல். அழுகிறான். "ஒரு தடவ வந்துச்சு மாமா. கண்ணத் தொறந்துட்டா."

அவர் வாயை எடுத்துச் சிரித்தார்.

"மாமா. மறுபடி நின்னுருச்சு."

வாயை வைத்தார். ஊதினார்.

"வந்துருச்சு."

எடுக்கவில்லை. மூக்கால் வாங்கி வாயால் ஊதினார். வாங்கி ஊதினார். பல்லில் சுண்ணாம்பு கரகரத்தது. உதடு எரிந்தது. எடுக்கவில்லை. வெளியே மழை விட்டது. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து, சுவரில் ஏறி, மங்கியது. ரேடியோ ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். டாக்டர் வருகிறார் என்றான். அக்கா தண்ணீர் கேட்கிறாள் என்றான். உங்களைக் கேட்கிறாள், எங்கே இருக்கிறீர்கள் மாமா என்றான். பதில் சொல்ல வாய் வேண்டும். பிறகு போனும் நின்றுபோனது.

அவள் மூச்சு விடுகிறாளா என்று இனித் தெரியாது. வாயை எடுத்துப் பார்க்கவும் முடியாது.

ஊதினார். வாங்கினார். ஊதினார்.

அப்போது, தொடையோரம் தொங்கிய இடது கையில், சாந்து அப்பியிருந்த புறங்கையில், ஏதோ பட்டது.

வெதுவெதுப்பாக.

குட்டியாக இரண்டு. இழுத்து நீளமாக ஒன்று.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியாது. கண்ணை மட்டும் கீழே இறக்கினார். இருட்டில் தன் கை தெரிந்தது. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. விரலை அசைக்கப் பார்த்தார்.

மூச்சு பட்ட இடத்திலிருந்து சுண்ணாம்பு வெளுத்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டு வரை இறுகிவிட்டது. ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொள்வதற்காக மடங்கிய மாதிரி, அப்படியே, கல்லாக.